கட்டியின் கரையைக் காட்டும் ஒளி

சென்ற மாதம் எங்கள் திசு ஆய்வகத்தின் சன்னலருகே ஓர் அம்மையார் வந்து நின்றார். தண்டராம்பட்டுப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். அவருடைய கணவரின் தொடையில் தோன்றிய கட்டி எட்டு மாதங்களில் நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சம்பழ அளவைத் தாண்டியிருந்தது. வலி இல்லாததால் அதைப் பெரிதாக எண்ணாமல் விட்டிருந்தார்கள். மருத்துவர் பயாப்சிக்கு எழுதித் தந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "ஊசி குத்தினா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்களே ஐயா? வெளியூருல லேசர் லைட்டு அடிச்சே உள்ள இருக்கிறதைப் பாத்துடுறாங்களாம். நானோன்னு ஏதோ சொல்றாங்க. அது இங்க வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமா?"

அக்கேள்வியில் ஓர் அச்சமும் ஒரு நம்பிக்கையும் கலந்திருந்தன. அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆயினும் அது பொறுத்திருப்பதற்கு உரிய காரணம் ஆகாது. ஒளியைக் கொண்டு உயிரணுக்களைக் காணும் கலை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது, இன்று அது நமக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் அறிந்துகொள்வது நல்லது என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

விளக்கத்தைத் தொடங்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கம் சாலையில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் ரமணாசிரமத்தின் வரலாற்றிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே தோன்றிய ஒரு சிறு கட்டியை 1949 பிப்ரவரியில் மருத்துவர்கள் அகற்றினார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அது மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் இரண்டாம் அறுவை சிகிச்சை நடந்தது. தசை முதலிய மென்திசுக்களில் எழும் சார்கோமா என்னும் புற்று அது என்பது தெரியவந்தது. ரேடியம் வைத்துச் சிகிச்சை அளித்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையும் கூறப்பட்டது. அவர் அதற்கு இசையவில்லை. ஆகஸ்டில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் மீண்டும் அறுவை நடந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் உடல் நீத்தார்.

அன்பர்கள் இவ்வரலாற்றை வேறு பொருளில் படிப்பார்கள். அது அவர்களுடைய உரிமை. திசு ஆய்வகத்தில் பணியாற்றும் நான் இதைப் படிக்கும்போது, அன்றைய மருத்துவர்கள் முன் நின்ற கேள்வியே என் கண்ணில் படுகிறது. கட்டி எங்கே முடிகிறது? அதன் கரை எது? கைக்குத் தட்டுப்படும் கட்டியை அகற்றிவிட்டார்கள். கைக்கும் கண்ணுக்கும் புலப்படாத உயிரணுக்கள் எஞ்சினவா என்பதை அறுவை மேசையிலேயே அறிய அன்று வழி இல்லை. அவர்களைக் குறை கூறுவது அறியாமையாகும். அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டதே 1954-ஆம் ஆண்டில்தான். கையிலிருந்த கருவிகளைக் கொண்டு அவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள்.

அன்று அவர்களிடம் இருந்த முதன்மையான ஒளிக்கருவி நுண்ணோக்கி. இன்றும் புற்றுநோயை உறுதிசெய்யும் முதன்மையான கருவி அதுவே. உங்கள் உடலிலிருந்து எடுக்கப்பட்ட சிறு துண்டு எங்களிடம் வந்ததும் ஃபார்மலின் என்னும் திரவத்தில் பதப்படுத்தப்படுகிறது. பிறகு மெழுகில் பதிக்கப்படுகிறது. அந்த மெழுகுப் பிளாக்கிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு தடிமனே கொண்ட சீவலை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறோம். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அது பதினைந்தில் ஒரு பங்கு இருக்கலாம். அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும். உயிரணுக்கள் தம் இயல்பில் நிறமற்றவை. ஒருவகை மரத்திலிருந்து கிடைக்கும் ஹெமட்டாக்சிலின் என்னும் சாயம் உயிரணுவின் கருவை நீலமாக்குகிறது. இயோசின் என்னும் சாயம் ஏனைய பகுதியை இளஞ்சிவப்பாக்குகிறது. கரு பெருத்திருக்கிறதா, வரிசை குலைந்திருக்கிறதா, உயிரணுக்கள் அளவுமீறிப் பிரிகின்றனவா என்று பார்க்கிறோம்.

அறுவைக்குப் பின் வரும் பெரிய துண்டைப் பொறுத்தவரை எங்கள் முதல் வேலை மை பூசுவது. துண்டின் வெளிப்புறம் முழுவதும் மை தடவிய பிறகே அதை வெட்டுகிறோம். நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்த மைக்கோடுதான் மருத்துவரின் கத்தி சென்ற வழி. புற்று உயிரணுக்கள் மைக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் உடலுக்குள்ளும் சில எஞ்சியிருக்கக்கூடும் என்று பொருள். உங்கள் அறிக்கையில் 'மார்ஜின்' என்று எழுதப்பட்டிருப்பது இந்தக் கரையைத்தான். உறுப்பைக் காத்துச் செய்யும் மார்பகப் புற்று அறுவையில், பரவும் தன்மையுள்ள புற்று மையைத் தொடாமல் இருந்தால் போதும் என்பது 2014-இல் அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் வகுத்த நெறி. வேறு புற்றுகளுக்கு வேறு அளவுகள் உண்டு.

இம்முறையின் குறை, விடை பிந்தி வருவது. அறுவை முடிந்து, தையல் போட்டு, நோயாளி வீடு திரும்பிய சில நாட்களுக்குப் பிறகே கரையைப் பற்றிய செய்தி வந்து சேர்கிறது. இங்கிலாந்தில் 2005 முதல் 2008 வரை மார்பகத்தைக் காத்து அறுவை செய்துகொண்ட 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அவர்களில் ஐவருக்கு ஒருவர் மீண்டும் அறுவை மேசைக்குச் செல்ல நேர்ந்தது தெரியவந்தது. அறுவையின்போதே திசுவை உறையவைத்துச் சீவிப் பார்க்கும் முறை உண்டு. அரைமணி நேரத்துக்குள் விடை சொல்லலாம். ஆனால் கொழுப்பு மிகுந்த திசு சரியாக உறைவதில்லை. எலும்பை அவ்வாறு சீவ முடியாது. பெரிய துண்டின் கரை முழுவதையும் அந்த நேரத்துக்குள் பார்த்து முடிக்கவும் இயலாது.

இந்த இடைவெளியை நிரப்பவே புதிய ஒளிக்கருவிகள் வருகின்றன. அவற்றின் அடிப்படையை நம் ஊர் மக்கள் எளிதில் உணரலாம். கார்த்திகைத் தீபத்தன்று பல கல் தொலைவிலுள்ள ஊர்களில் நிற்போருக்கு மலையுச்சியில் இருக்கும் கொப்பரை தெரியாது. சுற்றி நிற்கும் மனிதர்களும் தெரியமாட்டார்கள். சுடர் மட்டும் தெரியும். சுடர் இருக்கும் இடத்தில் கொப்பரை இருக்கிறது என்று அறிகிறோம். அவ்வாறே புற்று உயிரணுவோடு ஒட்டிக்கொண்டு ஒளிரும் ஒரு பொருளை உடலுக்குள் அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத உயிரணு இருக்கும் இடத்தை அதன் ஒளி காட்டிக்கொடுக்கும்.

மூளைப் புற்று அறுவையில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. 5-அமினோலெவுலினிக் அமிலம் என்னும் மருந்தை அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி அருந்துகிறார். கடுமையான மூளைப் புற்றின் உயிரணுக்கள் அதை ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கின்றன. நீல ஒளியைப் பாய்ச்சினால் புற்றுப் பகுதி செந்நிறமாக ஒளிர்கிறது. 2006-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வில், இவ்வொளியின் துணையோடு அறுவை செய்துகொண்ட நூறு பேரில் 65 பேருக்கு, ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டிருந்தது. வழக்கமான முறையில் அது 36 பேருக்கே இயன்றது. ஆறு மாதம் வரை நோய் முற்றாமல் இருந்தோர் எண்ணிக்கையும் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஆயினும் மொத்த வாழ்நாள் குறிப்பிடத்தக்க அளவில் நீளவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே நாம் அறிய வேண்டும்.

நானோ துகள்கள் இவ்விடத்தில்தான் வருகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அவ்வளவு சிறிதாகும்போது பொன் தன் மஞ்சள் நிறத்தை இழந்து செந்நிறம் கொள்கிறது. மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே இதை ஆராய்ந்தார். வீட்டில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தோன்றும் சிவந்த கோடு பெரும்பாலும் இத்தகைய பொன் துகள்களால் ஆனதே. ஆகவே நானோ துகள் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் வந்துபோன விருந்தாளிதான்.

இதில் நம் மண்ணின் பங்கும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு அவருக்கு 1930-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஒரு பொருளின்மீது ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறுகளுக்கே உரியது. கைரேகையைப் போல என்று சொல்லலாம். நல்ல திசுவின் ரேகை வேறு, புற்றுத் திசுவின் ரேகை வேறு. சாயமும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். ஆனால் கோடிக்கு ஓர் ஒளித்துகள் என்ற அளவிலேயே இவ்வாறு மாறி வருவதால் அதைப் பிடிப்பது கடினம். 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், சொரசொரப்பாக்கப்பட்ட வெள்ளிப் பரப்பில் இச்சிதறல் மிக வலுவாக வருவதைக் கண்டார்கள். பொன், வெள்ளி நானோ துகள்களும் அவ்வாறே அதைப் பல இலட்சம் மடங்கு பெருக்கவல்லவை என்று பிறகு தெரிந்தது. ராமன் கண்ட மெல்லிய ஒளியை மருத்துவத்துக்கு எட்டும் அளவுக்குக் கொண்டுவரும் முயற்சியில் அத்துகள்கள் ஆய்வகங்களில் பயன்படுகின்றன.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். தொடைக்கு மேலே விளக்கைப் பிடித்து உள்ளே இருப்பது புற்றா இல்லையா என்று ஏன் சொல்ல முடியாது? இரவில் கைப்பேசியின் டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். விரல் செக்கச் செவேலென ஒளிரும். ஆனால் உள்ளிருக்கும் எலும்பின் வடிவம் தெரியாது. குருதி மற்ற நிறங்களை விழுங்கிவிட, எஞ்சிய சிவப்பு ஒளியும் பாலில் கரைந்த வெளிச்சம்போல் நாற்புறமும் சிதறிவிடுகிறது. கொரோனாக் காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்தச் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வைத்தே குருதியின் ஆக்சிஜனை அளக்கிறது. விரலுக்கு அது போதும். தொடையின் ஆழத்தில் தனித்தனி உயிரணுக்களை அடையாளம் காண அது போதாது. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பரந்திருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும். அதன் குணம் என்ன என்பதை உறுதியாகச் சொல்வது திசு மட்டுமே. மேலே சொன்ன புதிய ஒளிக்கருவிகளும் அறுவை மேசையில் திறந்த காயத்தையும் எடுத்த திசுவையும் பார்ப்பதற்கே பெரிதும் உரியவை. அவை பயாப்சிக்கு மாற்றாக வந்தவை அல்ல. பயாப்சி செய்து, நோயின் பெயர் தெரிந்த பிறகு துணைக்கு வருபவை.

ஊசி குத்தினால் பரவும் என்ற அச்சத்துக்கும் நேரான விடை உண்டு. பெரும்பாலான உறுப்புகளில் ஊசி சென்ற வழியில் புற்று படிவது மிக அரிது. அந்த வாய்ப்பைக் கருதவேண்டிய இடங்களை மருத்துவம் அறிந்தே வைத்திருக்கிறது. விதைப்பையில் எழும் கட்டியில் ஊசி குத்துவதைத் தவிர்க்கிறோம். சார்கோமா என்று ஐயுற்றால், பின்னர் அறுவை செய்யப்போகும் மருத்துவரே ஊசி செல்லும் வழியை வகுப்பது நல்லது. அறுவையின்போது அவ்வழியையும் சேர்த்து அகற்றிவிடலாம். பயாப்சிக்குப் பிறகு நோய் பரவியதாகத் தோன்றும் பலருக்கும் உண்மையில் நேர்ந்தது என்ன? நோய் முற்றிய பிறகு பயாப்சிக்கு வந்தார்கள். காலம் தாழ்த்தியதன் பழி ஊசியின்மேல் விழுந்தது.

அதைவிட நான் அஞ்சுவது வேறொன்று. வலியில்லாத கட்டி என்று கருதி, ஸ்கேனும் பயாப்சியும் இன்றி, கிடைத்த இடத்தில் கீறி எடுத்துவிட்டு, எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் எறிந்துவிடுவது. அது சார்கோமாவாக இருந்தால் கட்டியின் கரையும் தொலைந்தது, நோயின் பெயரும் தொலைந்தது. மீண்டும் வளர்ந்து வரும்போது புதிதாகத் தொடங்க வேண்டும்; எடுக்க வேண்டிய தசையும் மிகும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி, வளர்ந்துகொண்டே வரும் கட்டி, தசைக்குள் ஆழ்ந்திருக்கும் கட்டி, ஒருமுறை எடுத்த பின் மீண்டும் வந்த கட்டி ஆகியவற்றை வலி இல்லை என்பதற்காக விட்டுவிடலாகாது.

மற்றொரு பக்கத்திலிருந்தும் எச்சரிக்கை தேவை. நானோ என்ற சொல்லுக்கு இன்று சந்தையில் நல்ல விலை. உண்மையான நானோ மருந்துகள் உண்டு. கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த புற்று மருந்து 1995 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அவை மருத்துவமனையில், அளவறிந்து, கண்காணிப்போடு ஏற்றப்படுபவை. துகள் சிறியதாக இருப்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. சற்றுப் பெரிய துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கக்கூடும். ஆய்வகத்தில் மிக அழகாக ஒளிரும் குவாண்டம் துகள்களுக்கு 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவற்றுள் பல காட்மியம் என்னும் நச்சு உலோகம் கலந்தவை. எனவேதான் மனித உடலுக்கு வேறு துகள்களைத் தேடினார்கள். பத்து நானோமீட்டருக்கும் சிறிதான, சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும் ஒளிரும் சிலிக்கா துகளை நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் மனிதரிடம் முதன்முதலாகச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டபோது, அதில் பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். அறிவியல் அவ்வளவு நிதானமாக அடியெடுத்து வைக்கும் இடத்தில், பாட்டிலில் அடைத்து 'நானோ' என்று எழுதி, எந்தக் கட்டியையும் கரைக்கும் என்று விற்கப்படுவதை நம்பிப் பணத்தையும் காலத்தையும் இழக்க வேண்டாம்.

நோயாளிகளுக்கு மட்டும் அறிவுரை சொல்லி முடிப்பது நேர்மையாகாது. எங்கள் பக்கத்திலும் குறை இருக்கிறது. நாங்கள் எழுதும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதிலும் மருத்துவர்களுக்கே உரிய சொற்களில் இருக்கிறது. வயலை அடகு வைத்துச் சிகிச்சை பெறும் ஒருவருக்கு, தன் கட்டியின் கரை சுத்தமாக இருக்கிறதா இல்லையா என்ற ஒற்றைச் செய்தி தமிழில் சொல்லப்படுவதில்லை. அச்சத்துக்கும் வதந்திக்கும் இடம் கொடுப்பது இந்த மௌனம்தான். ஒவ்வொரு அறிக்கையோடும் நான்கு வரியில் தமிழ் விளக்கம் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயின் பெயர், அதன் தீவிரம், கரையின் நிலை, அடுத்துச் செய்ய வேண்டியது ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். அதற்கு நானோ துகளும் தேவையில்லை, லேசரும் தேவையில்லை. பத்து நிமிடமும் ஒரு தாளும் போதும்.

அந்நாள் வரும்வரை நீங்களே கேளுங்கள். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்று கேளுங்கள். ஓரங்களில் புற்று இருக்கிறதா என்று கேளுங்கள். அறிக்கையின் நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேறு மருத்துவமனைக்குச் செல்வதாக இருந்தால் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுப் பிளாக்கையும் முறைப்படி கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள்; பிளாக் கெடாமல் பல்லாண்டுகள் இருக்கும், மறுபரிசோதனைக்கு மீண்டும் ஊசி தேவைப்படாமலும் போகலாம். இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விளக்கும் கடமை எங்களுக்கு உண்டு.

தண்டராம்பட்டு அம்மையார் சன்னலருகே சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கணவரை அழைத்துவந்தார். பயாப்சி நடந்தது, சார்கோமா என்று தெரிந்தது. பெரிய மருத்துவமனையில் அறுவை செய்தார்கள். அங்கிருந்து வந்த அறிக்கையை அவர் என்னிடம் கொண்டுவந்து, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். கரைகளில் புற்று இல்லை என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும் அந்த ஒரு வரியின்கீழ் பேனாவால் கோடு போடச் சொன்னார். தாளை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டார்.

எட்டு மாதங்கள் முன்னதாக வந்திருந்தால் இழக்க வேண்டிய தசை குறைந்திருக்கும். இனி வருவோருக்கு அந்த எட்டு மாதங்கள் வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.